மைனஸ் இல்லாத மண்டபம்

ஜூன் 9, புதன்

கட்டடக்காரர்கள் ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. பத்தொன்பது வருடமாக டிசைன் செய்கிறேன். இருநூறு பக்க ரிப்போர்ட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள், அட்டையில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இன்று நாச்சிமுத்து அந்த வழக்கத்தைக் கெடுத்துவிட்டார்.

நாச்சிமுத்து பனியன் கம்பெனி முதலாளி. பல்லடம் போகும் வழியில் கல்யாண மண்டபம் கட்டுகிறார். அஸ்திவாரமும் தூண்களும் முன்பிருந்த இன்ஜினியர் காலத்திலேயே முடிந்துவிட்டன. முன்பக்கக் கூரையும் போர்டிகோவும் எங்கள் ஆபீஸ் பங்கு, அதாவது என் பங்கு. அங்கே நடக்கப்போகும் முதல் கல்யாணம் அவருடைய மகள் மிருதுளாவுக்கு, ஆவணியில்.

வந்தவர் ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம்.

“ஏனுங் அம்மிணி, இதுல ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு மைனஸ் இருக்குதுங்க.”

“எண்ணினீங்களா?”

“நானும் என்ற மச்சானும் ரெண்டு தடவ எண்ணுனோமுங்க. அவன் நாப்பத்தஞ்சுங்கறான். அவனுக்குக் கண்ணு பத்தாது.”

பொறுமையாகச் சொன்னேன். சாப்ட்வேர் ஒவ்வொரு பீமையும் அடிக்கு அடி வெட்டிப் பார்த்து, வெட்டின இடத்தில் எவ்வளவு வளைகிறது என்று எண்ணாகத் தரும். பிளஸ் என்றால் பீம் தொய்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது, கம்பி கீழே போட வேண்டும். மைனஸ் என்றால் கூன் போடுகிறது, மேல்பக்கம் இழுபடுகிறது, கம்பி மேலே போட வேண்டும். மைனஸ் என்றால் குறை இல்லை, திசை. என் அழிப்பானை இரண்டு பக்கமும் வளைத்துக் காட்டினேன். அவர் அழிப்பானை வாங்கித் தானும் வளைத்துப் பார்த்தார்.

“அது செரிங்க. கல்யாண மண்டபத்துல எதுக்குங்க கூன் போடோணும்? எல்லாத்தையும் கீழயே இழுக்கச் சொல்லுங்க.”

யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

போர்டிகோவில் எல்லாமே மைனஸ்தான் என்பதை நான் சொல்லவில்லை. சுவரிலிருந்து பன்னிரண்டு அடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் போர்டிகோ. முன்னால் தூண் கூடாது, மாப்பிள்ளை கார் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்று கேட்டது அவரே. மாப்பிள்ளை இறங்கும்போது மேலே நாற்பது சொந்தக்காரர்கள் நின்று பூத் தூவ வேண்டும் என்று கேட்டதும் அவரே.

ஜூன் 10, வியாழன்

எங்கள் முதலாளி வரதராஜுலு சாரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். யோசித்தார்.

“பிளஸ்சு, மைனஸ்சு எல்லாம் நாம வெச்சுக்கிட்ட பேரு தானேம்மா. மாத்தி வெச்சுக்குவோம். தொய்யறது மைனஸ், கூன் போடறது பிளஸ். வேலை முடிஞ்சுது.”

மாற்றிப் போட்டு ஓட்டினேன். மைனஸ்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து ஆனது. நாச்சிமுத்துவுக்குப் போன் செய்து எது வேண்டும் என்று கேட்டேன். அவர் மச்சானைக் கூப்பிட்டுக் கலந்து பேசிவிட்டு, இரண்டும் வேண்டாம் என்றார்.

ஜூன் 14, திங்கள்

இட்லிக்கு அரைத்த மாவு பொங்கவில்லை.

நாச்சிமுத்து போன். ஈசான மூலைத் தூணில் மைனஸ் நாற்பத்திரண்டு இருப்பதை வாஸ்துக்காரர் கண்டுபிடித்துவிட்டாராம். போர்டிகோ முன்னால் தொங்குவதால் பின்தூண் கொஞ்சம் மேலே எழும்பப் பார்க்கும், எடை வைத்தால் அடங்கிவிடும் என்று சொன்னேன்.

“எழும்பறத வேண்டாங்கலீங்க. அந்த மைனஸ்ஸ வாயு மூலைக்கு மாத்திப் போட்ருங்க. அங்க கக்கூஸ்தான் வருது.”

ஜூன் 16, புதன்

தீர்வு கண்டவள் நான்தான். அதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

இரண்டு ரிப்போர்ட். ஒன்று எங்கள் ஆபீசுக்கு, உள்ளது உள்ளபடி. இன்னொன்று நாச்சிமுத்துவுக்கு, மங்கள ரிப்போர்ட். கம்ப்யூட்டரில் ஒரே கட்டளை. சிறு கோடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடு என்றேன், எடுத்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே எடுத்தது. முதல் பாகம், பதினேழாம் பக்கம் என்பதற்கு 1-17 என்று இருந்தது, 117 ஆகிவிட்டது. தேதியில் இருந்த கோடு போய்விட்டது. ஆபீஸ் போன் நம்பர் ஒரே மூச்சாக ஓடுகிறது. யார் பார்க்கப் போகிறார்கள்.

மங்கள ரிப்போர்ட்டுக்கு மஞ்சள் அட்டை போடச் சொன்னேன். பைண்டிங் கடைக்காரர் எல்லாப் பிரதிகளுக்கும் மஞ்சள் அட்டையே போட்டுவிட்டார். எது எது என்று எனக்குத் தெரியும். அது போதும்.

நாச்சிமுத்து வந்து இருநூற்றுப் பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். மச்சான் எதிரே உட்கார்ந்து இன்னொரு பிரதியைப் புரட்டினார். ஒரு மைனஸ் கூட இல்லை. நாச்சிமுத்து எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ரிப்போர்ட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மச்சான் தான் புரட்டின பிரதியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எட்டு நாள் கழித்து. குடம், பக்கெட், குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன்.

ஜூன் 21, திங்கள்

போர்டிகோ கம்பி ட்ராயிங்கைத் தொடங்கச் சொன்னேன். எங்கள் ட்ராப்ட்ஸ்மேன் சாதிக் காதில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கொடுத்ததைக் கொடுத்தபடி வரைவான், கேள்வி கேட்க மாட்டான். அதுதான் அவனுடைய நல்ல குணம்.

“ரிப்போர்ட் எங்கே மேடம்?”

“மேசையில இருக்கு பாரு, மஞ்சள் அட்டை.”

ஜூன் 24, வியாழன்

போர்டிகோ ட்ராயிங் வந்தது. மதியம் இரண்டு மணி நேரம் முழுக் கவனத்துடன் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே வரதராஜுலு சாரும் போட்டார். அவர் எப்போதும் என் கையெழுத்தைத்தான் பார்ப்பார், ட்ராயிங்கை அல்ல.

ஜூன் 25, வெள்ளி

பீட்ரூட் நிறத்தில் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆபீசில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வரதராஜுலு சார், வீட்டில் அவர் மனைவிக்கும் ஒன்று எடுக்கலாமா, எந்தக் கடை என்று கேட்டார். தள்ளுபடி நேற்று மதியம் மட்டும்தான் என்றேன்.

ஜூலை 5, திங்கள்

சைட்டில் கம்பிப் பூஜை. நான் போகவில்லை, கேஸ் சிலிண்டர் வருவதாக இருந்தது. போனில் படம் அனுப்பியிருந்தார்கள். போர்டிகோவின் முதல் முடிச்சை மிருதுளாவை விட்டே கட்டவைத்தார்களாம். பட்டுப் பாவாடையில் சென்ட்ரிங் பலகை மேல் உட்கார்ந்து, கையில் கட்டுக் கம்பியும் கொறடுமாகச் சிரிக்கிறாள்.

சிலிண்டர் வரவில்லை.

ஜூலை 6, செவ்வாய்

கம்பி மேஸ்திரி ஒண்டிமுத்து போன் செய்தார்.

“அம்மிணி, போர்டிகோவுக்குப் பெரிய கம்பியெல்லாம் கீழ போடச் சொல்லியிருக்குதுங்க. மேல சும்மா ரெண்டு சின்னக் கம்பி. செரிதானுங்களா? ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. நான் முதுகலை படித்தவள். சரிபார்த்த ட்ராயிங்.

“மேஸ்திரி, ட்ராயிங்ல என்ன இருக்கோ அதப் போடுங்க. டிசைன் பண்றது நாங்க, கட்டறது நீங்க.”

“செரிங்க” என்றார். வைத்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிட்டார். மதியச் சாப்பாட்டை நான் தொடவில்லை. காலையில் சாப்பிட்ட தட்டைப்பயறு சேரவில்லை போலிருக்கிறது.

ஜூலை 7, புதன்

வேறு ஏதோ பார்ப்பதற்காகச் சாதிக் மேசையிலிருந்த மஞ்சள் அட்டையைப் பிரித்தேன். போர்டிகோ பீம், பக்கம் 117.

எங்கள் ரிப்போர்ட்டில் நூற்றுப் பதினேழாம் பக்கம் என்று ஒன்று கிடையாது. 1-17தான் உண்டு.

மொமென்ட், அதாவது வளைவின் அளவு, 186 என்று போட்டிருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. பார்த்தால் எவ்வளவு நல்ல எண். மச்சான் மேசையில் விட்டுப்போன பிரதி.

தலை சுற்றியது. வெயில் என்று நினைக்கிறேன். சாதிக் காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, “தண்ணி வேணுமா மேடம்?” என்றான். இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தானே வரைந்தாய் என்று கேட்டேன். “ஆமா மேடம். எல்லாமே பிளஸ்சா இருந்துச்சு, ஈசியா முடிஞ்சுது” என்றான்.

பன்னிரண்டு அடிப் போர்டிகோ. இழுபடுவது மேலே, கம்பி இருப்பது கீழே. பலகையைப் பிரித்த அன்றே மேலே வெடிப்பு விடலாம். விடாமல் இருந்தால் இன்னும் மோசம். ஆவணியில் நாற்பது பேர் மேலே ஏறுவார்கள். கீழே காரிலிருந்து மாப்பிள்ளை இறங்குவான், வரவேற்க மிருதுளா நிற்பாள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், சரி.

ஜூலை 8, வியாழன்

வரதராஜுலு சாரிடம் சொன்னேன்.

“கையெழுத்து யாருது?”

“என்னுது சார். கீழ உங்களுது.”

அவர் என் முன்னாலேயே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். மைனஸ் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. “ஒரு சின்ன மாறுதலுங்க, கம்பியக் கொஞ்சம் அவுத்து மேல கட்டணும்” என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“அவுக்கறதா? என்னங்க பேச்சு இது! பூஜை போட்டு என்ற புள்ள கையால போட்ட முடிச்சு. கல்யாண மண்டபத்துல முடிச்ச அவுக்கற பேச்ச எடுக்கப்படாதுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள கான்கிரீட் போட்ரோணும். பதினாலாந் தேதி, ஒம்பதேகாலு.”

“நீங்க சொன்னாச் செரிங்க” என்று சார் வைத்துவிட்டார். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு, “வாயுத் தொல்லைம்மா” என்றார். பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினைந்தாம் தேதி திரும்பி வருவாராம்.

ஜூலை 10, சனி

சைட்டுக்குப் போனேன். ஒண்டிமுத்துவிடம் கம்பியை மேலே மாற்ற வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானுங்க ட்ராயிங்படி போடச் சொன்னீங்க. இப்ப மொதலாளி சொல்லாம ஒரு முடிச்சு அவுத்தாலும் என்னைய அவுத்துப்போடுவாருங்க. அவருகிட்டச் சொல்லுங்க.”

நியாயம்தான். நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நாச்சிமுத்து எழுந்து வந்து, “மொதப் பத்திரிக்கை நம்ம இன்ஜினியர் அம்மிணிக்குத்தான்” என்று தாம்பூலத் தட்டோடு நீட்டினார். அவர் மனைவி குங்குமம் கொடுத்தார். மிருதுளா ஓடிவந்து, “அக்கா, எவ்ளோ பேரு வேணும்னாலும் ஏறலாம் தானே? என்ற பிரண்ட்ஸ் பதினஞ்சு பேரு வர்றாங்க” என்றாள்.

சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

பத்திரிகையில் என் பெயரை ‘திருமதி தமயந்தி அவர்கள், மண்டபச் சிற்பி’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜூலை 12, திங்கள்

மிளகு வறுத்து அரைத்தேன். ரசத்துக்கு.

ஜூலை 13, செவ்வாய்

ரசம் வைக்கவில்லை.

ஜூலை 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்கே போய்விட்டேன். ரெடிமிக்ஸ் லாரி உறுமிக்கொண்டு நின்றது. போர்டிகோ மேல் பிள்ளையார் படம், அதன் முன்னால் சந்தனம் வைத்த மஞ்சள் அட்டை, தேங்காய், பழம், மஞ்சள் குழைத்த கிண்ணம். நாச்சிமுத்து பட்டு வேட்டியில் இருந்தார். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சிமெண்ட் கம்பெனி டைரியிலும் இன்றைக்கு நல்ல நேரம் 9.15 முதல் 10.15 என்றுதான் போட்டிருக்கிறது.

9.15. நாச்சிமுத்து முதல் சட்டிக் கான்கிரீட்டை இரண்டு கையாலும் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல் வந்தது.

இயற்கையான தும்மல். சிமெண்ட் தூசி.

எல்லாம் நின்றது. நாச்சிமுத்து சட்டியைத் தலைக்கு மேலே பிடித்தபடி உறைந்துபோனார். “ஒத்தத் தும்மலுங்க” என்றார் மச்சான். லாரி டிரைவர் உறுமலை நிறுத்தினார். எனக்கு மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. இன்று நடக்காது. நாளைக்கு வியாழன், அப்புறம் இரண்டு நாளில் ஆடி. ஆடி முழுக்க யோசிக்க நேரம் கிடைக்கும்.

அப்போது இரண்டாவது தும்மல் வந்தது. இது நான் எதிர்பாராதது.

“ரெட்டைத் தும்மல்!” நாச்சிமுத்து முகம் மலர்ந்தது. “ரெட்டை நல்லதுங்க! போடு!”

சட்டி சாய்வதற்குள் மூன்றாவது தும்மினேன். சட்டி நிமிர்ந்தது. நான்காவது தானாகவே வந்தது. சட்டி சாய்ந்தது. ஐந்தாவதை நான் வேண்டுமென்றே போட்டேன். ஆறாவதை எவ்வளவு அடக்கியும் அடக்க முடியவில்லை. மூக்கும் கண்ணும் எரிந்து ஒழுகின. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறை எண்ணினவர்கள் அல்லவா, மாமனும் மச்சானும் ஒரு தும்மலையும் விடவில்லை.

“ஆறு” என்றார் மச்சான்.

“எனக்கும் ஆறுதான்” என்றார் நாச்சிமுத்து. இந்த ஒரு கணக்கில்தான் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். “ஜோடி ஜோடியா வந்திருக்குது. சாமியே சொல்லிப்போட்டுது. போடுறா!”

ஏழாவது வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. மிளகு தீர்ந்துவிட்டது.

கம்பி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மிருதுளா போட்ட முடிச்சுக்குப் பக்கத்தில், பீட்ரூட் புடவையோடு.

“அம்மிணி, எந்திரிங்க. நேரம் போகுது.”

“போடாதீங்க. போட்டா விழுந்துரும்.”

“எது விழுந்துரும்?”

“போர்டிகோ. நான் தப்புப் பண்ணிட்டேங்க. கம்பி மேல இருக்கணும். கீழ இருக்கு. மேஸ்திரி கேட்டாரு, நான்தான் வாய மூடச் சொன்னேன். ட்ராயிங்ல கையெழுத்து என்னுது. மாப்பிள்ளை இறங்கறப்ப மேல நாப்பது பேரு நிப்பாங்க, கீழ உங்க பொண்ணு நிக்கும். அது தலையில விழும்.”

இதைச் சொல்லும்போது அழுதுகொண்டிருந்தேன். மிளகால் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மிளகால் இல்லை.

நாச்சிமுத்து சட்டியைக் கீழே வைத்தார். பிள்ளையார் முன்னால் இருந்த மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே, பட்டு வேட்டியோடு கம்பி மேலேயே உட்கார்ந்தார்.

“இதுல மைனஸ்ஸே இல்லீங்களே. பூஜை பண்ணுன ரிப்போர்ட்டு.”

“இருந்துச்சுங்க. நான் எடுத்துட்டேன்.”

“எடுத்தா மைனஸ் போயிருதுங்களா?”

“கோடு போயிருச்சுங்க. இழுக்கறது போகலீங்க.”

நாச்சிமுத்து தன் அரைக்கைச் சட்டைப் பையைத் துழாவினார். என்னிடமிருந்து ஜூன் மாதம் வாங்கிப்போன அழிப்பானை எடுத்தார். ஒரு நுனியை விரலிடுக்கில் பிடித்து, மறு நுனியைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினார். அது வளைந்தது. மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தார். எத்தனை நாளாக அதைப் பையில் வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

“எடுக்கச் சொன்னவன் நானுங்க” என்றார். “எடுத்தவங்க நீங்க. எந்தப் பக்கம், காட்டுங்க.”

நூற்றுப் பதினேழைக் காட்டினேன். 186. எழுந்து போய் மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு வந்தார். எண்ணுக்கு முன்னால், நல்ல தடிமனாக, ஒரு கோடு இழுத்தார். மைனஸ்ஸாகவே இருக்கட்டும், மஞ்சளில் இருக்கட்டும் என்றார். அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

மச்சான், “ஒண்ணு” என்று எண்ணினார்.

முடிச்சை அவிழ்க்க மட்டும் அவர் கடைசிவரை ஒப்பவில்லை. அவிழ்க்க வேண்டாம் என்றேன். கீழே இருப்பது கீழேயே இருக்கட்டும், மேலே புதிதாக, கட்டின வளையங்களுக்குள்ளேயே பெரிய கம்பிகளை நுழைத்து, உள்ளே இன்னும் கான்கிரீட் போடாத மண்டபத்துப் பீமுக்குள் பதினெட்டு அடி ஓடவிட வேண்டும். கம்பி சைட்டிலேயே இருந்தது. எத்தனை கம்பி, என்ன நீளம் என்று பலகையில் சாக்கட்டியால் வரைந்து, அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ஒண்டிமுத்து குனிந்து பார்த்தார். “மேலதானுங்களே?”

“மேலதானுங்க மேஸ்திரி. அன்னிக்கே நீங்க கேட்டது செரி. மன்னிச்சிருங்க.”

“அட, அதுக்கென்னுங்க” என்றார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் “மேலதானுங்களே?” என்று கேட்டார். இருபத்திரண்டு தடவை கேட்டார். இருபத்திரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

காலை லாரி திரும்பிப் போய்விட்டது. எங்கோ ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தக் கான்கிரீட் போயிருக்கும். மாலை நல்ல நேரம் 4.45க்கு முதல் சட்டி விழுந்தது. யாரும் தும்மவில்லை. நான் மூக்கைத் துணியால் கட்டியிருந்தேன், நாச்சிமுத்து சொன்னபடி.

ஜூலை 15, வியாழன்

வரதராஜுலு சார் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். முருகன் காப்பாற்றினான் என்றார். ஒரு டப்பா சாதிக்குக்கு, ஒரு டப்பா எனக்கு.

ஆகஸ்ட் 11, புதன்

பலகை பிரித்தார்கள். நிற்கிறது. முனையில் நான்கு மில்லிமீட்டர் இறங்கியது. சாப்ட்வேரும் நான்குதான் சொன்னது. அதற்கு முன்னாலும் ஒரு மைனஸ் போட்டிருந்தது. இறங்கினால் மைனஸ். நாச்சிமுத்துவிடம் காட்டவில்லை. இல்லை, காட்டினேன். மஞ்சள் எடுக்கப் போனார்.

ஆகஸ்ட் 28, சனி

மாப்பிள்ளை அழைப்பு. நாற்பது பேர் என்றார்கள், மேலே அறுபத்தொரு பேர் ஏறினார்கள். நான் எண்ணினேன். மிருதுளாவின் தோழிகள் மட்டும் பத்தொன்பது.

நான் ஐந்தரைக்கே போர்டிகோவுக்குக் கீழே போய் நின்றுவிட்டேன். நட்ட நடுவில், மாப்பிள்ளை கார் வந்து நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு அடி தள்ளி. “மேடம், டிபன் ரெடி” என்று சாதிக் இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். பசி இல்லை என்றேன். மேலே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். பூ விழுந்தது. கண்ணில் ஒரு ரோஜா இதழ் பட்டு, அதற்குள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் நாச்சிமுத்து எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். பெண்ணின் அப்பா, வாசலில் சம்பந்தியை வரவேற்க வேண்டியவர், தலையை அண்ணாந்து போர்டிகோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“நீங்க போங்க. சம்பந்தி வந்துட்டாங்க” என்றேன்.

“நீங்க சாப்புடப் போனீங்களா? இல்லீல்ல. அப்பொறம் நான் மட்டும் எப்புடிங்க போறது.”

கடைசி ஆள் இறங்கும்வரை நின்றோம். சம்பந்தி வீட்டார் இதை ஏதோ எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு, அவர்களில் நான்கு பேர் வந்து எங்களோடு அண்ணாந்து நின்றார்கள்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

முகூர்த்தம் முடிந்தது. நல்ல சாப்பாடு. இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஜூலை 14 அன்று முதல் தும்மல் இயற்கையானது என்று எழுதியிருக்கிறேன். ஜூன் 24 அன்று இரண்டு மணி நேரம் முழுக் கவனத்துடன் சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரமும் நான் காந்திபுரத்தில் புடவைக் கடையில் இருந்தேன். ஐந்து மணிக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதியதை எடுத்துவிட்டால் நடந்தது போய்விடாது என்று இப்போது எனக்குத் தெரியும். அடிக்கவில்லை. இரண்டு வரிகளுக்கும் முன்னால், அடுப்படியிலிருந்து கொண்டுவந்த மஞ்சளால், ஆளுக்கொரு கோடு மட்டும் போட்டேன்.